கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு

பதினொன்றேகாலுக்குத்தான் கரண்ட் வந்தது.
சத்துவாச்சாரி ஃபேஸ் டூ முழுக்க
ஃபேன்கள் ஒரே மூச்சில் முனகின.
அலமாரியில், புடவை அடுக்குக்குக் கீழே,
அந்தக் கறுப்புப் பெட்டியும்
நீலக் கண்ணைத் திறந்தது.
திறந்ததோடு சரி.
பிரவுசரில் வெறும் வெள்ளைப் பக்கம்,
புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி.

உள்ளே முப்பத்தாறிலிருந்து நாற்பத்திரண்டு வரை
பெண்கள் ஷூவின் மேல்தோல் அளவுகள்.
காலை எட்டு மணிக்கு ராணிப்பேட்டையில்
கட்டிங் மெஷின் முன்னால் ஆறு பேர் நிற்பார்கள்,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.
இனி கறுப்புத் திரைதான்.
கட்டளை அடித்து நுழையும் கொல்லைப்பக்க வழி.

கடைசி எண் ஏழு என்று அடித்தேன்.
கர்சர் துடித்தது, துடித்தது,
ஒரு கொசு உட்கார்ந்து எழுந்து போனது,
டைம் அவுட்.
இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால்
ஆஸ்பத்திரி எதிர் லாட்ஜ் மேனேஜரைப் போல
கரண்ட் போன இடைவெளியில்
எல்லோருக்கும் ரூம் மாற்றியிருக்கிறது.
டிவி மூன்றில். மகள் ஃபோன் ஒன்பதில்.
பாலாறு பன்னிரண்டில்.
பெட்டிக்கு அந்தப் பெயர் வைத்தவன் துளசிராமன்.
எவ்வளவு கொட்டினாலும் நிரம்பாது என்றான்.

பன்னிரண்டைத் தட்டினேன்.
தட்டிய கையோடு பதில்:
கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு.
எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.
மறுக்க ஒரு ஆள் இருக்கிறதே உள்ளே.
வீடு பூட்டியிருப்பது வேறு,
உள்ளே தாழ் போட்டிருப்பது வேறு.

துளசிராமனுக்கு வாலாஜா டோல்கேட்டில் நைட் டூட்டி.
லாரி இரைச்சலுக்கு நடுவே கத்தினான்:
"இருவத்திரண்டாம் நம்பர் கதவயா தட்டிகினு கீற?
அத்த அன்னிக்கே மூடிட்டன்பா.
என் பழைய பைக்கு நம்பர் போடு."
எந்த பைக்?
"இன்னாபா, ஆற்காடு பாலத்தாண்ட பஞ்சர் ஆச்சே,
நீகூட தள்ளிகினு வந்தியே."
தள்ளியது ஞாபகம் இருந்தது. நம்பர் இல்லை.
நாலு நாலு ஏழு ஒண்ணு.

இந்த முகம் எனக்கு அறிமுகமில்லை,
நம்பலாமா என்று கேட்டது லேப்டாப்.
ஒற்றை எழுத்தில் தலையாட்டினால் செல்லாதாம்.
யெஸ் என்று முழுசாக அடித்தேன்.
பாஸ்வேர்டுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை;
கிணற்றில் கல் போட்டும் சத்தம் வராத மாதிரி.
இரண்டு தடவை தப்பு.
அப்புறம்தான் பார்த்தேன்
கேப்ஸ் லாக்கின் பச்சைப் பொட்டை.

விட்டது.

சிஸ்டம் பகுதி நூற்றுக்கு நூறு நிரம்பிக் கிடந்தது.
எது அடைத்தது என்று
ஒவ்வொரு ஃபோல்டராக எடைபோட்டுக்கொண்டே போனேன்.
ஒரே ஒரு லாக் ஃபைல்.
அதன் வாலை மட்டும் படித்தேன்.

வெப்பம் ஐம்பத்தெட்டு. தெரிவிக்க முயன்றேன். போகவில்லை.
வெப்பம் ஐம்பத்தெட்டு. முயன்றேன். போகவில்லை.
வெப்பம் ஐம்பத்தொன்பது.

பங்குனிப் பாதியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தரம்.
ஒவ்வொன்றுக்கும் பின்னால்
ஏன் போகவில்லை என்று ஒரு பக்கம்.
எழுதி எழுதியே தொண்டை அடைத்திருக்கிறது.
அனுப்பிய முகவரி
என் பழைய கம்பெனியில் எனக்கு இருந்தது.
அங்கிருந்து நான் வந்தே நாலு வருஷம்.

அழிக்க ஒரு வரி போதும்.
அடித்துவிட்டு, எண்டரைத் தட்டாமல் எழுந்து போய்
அலமாரியைத் திறந்து
பெட்டிமேல் கை வைத்தேன்.
சட்டென்று எடுத்தேன்.

இரண்டே முக்காலுக்குப் பக்கம் வந்தது.
முப்பத்தெட்டின் முனை, முப்பத்தொன்பதின் குதி,
எல்லாம் வைத்த இடத்தில்.
சுகிர்தா புரண்டு படுத்துக் கேட்டாள்,
"டேபிள் ஃபேன் எங்க?"
அலமாரிக்குள்ள.
"புடவைக்கு வேர்க்குதா?"

அவள் தூங்கின பிறகுதான் உறைத்தது,
முகவரியை மாற்றவே இல்லை.
மறுபடி எழுந்தேன்.
மறுபடி அந்த பைக் நம்பர்.