திரைக்கு ஒரு கட்டம்

ஒரே சனிக்கிழமையில் மூன்று விடுதிகள்.
சட்டைப்பையில் ஐந்து மீட்டர் டேப்.
"அதை வெளிய எடுக்காதீங்கப்பா" என்கிறாள் ஆதிரை,
புக்கிட் தீமா சாலையில்
பேருந்து திரும்பும்போதே.

எடுக்கத்தான் செய்தேன்.
கட்டிலுக்கும் கட்டிலுக்கும் தொண்ணூறு சென்டிமீட்டர்.
பதினான்கு பிள்ளைகளுக்கு மூன்று குளியலறை.
ஆறரை மணி வரிசையில் ஐந்தாவதாய் நிற்பவளுக்கும்
சுடுதண்ணீர் வருமா என்று கேட்டேன்.
மிஸ் கோ கையேட்டைப் புரட்டினார்.
அதில் நீச்சல்குளம் இருந்தது,
சிரிக்கும் நான்கு முகங்கள் இருந்தன.

வடிகால் மூடியைத் தூக்கி முகர்ந்தேன்.
மெத்தையின் ஓரத் தையலை நகத்தால் விரித்தேன்.
மூட்டைப்பூச்சி குடியிருப்பது தையலில்தான்,
விரிப்பை உதறுகிறவர்களுக்கு அது தெரியாது.
"நீங்கள் ஆய்வாளரா?" என்றார் மிஸ் கோ.
இல்லை என்றேன்.
ஆதிரை ஜன்னலுக்கு வெளியே
எதையோ மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோவரில் தனியறை.
தனி மேசை, தனிப் பூட்டு,
குளிர்சாதனத்துக்குக் காசு ஏற்றும் அட்டை.
கட்டணத் தாளை மடித்துத் தந்தார்கள்.
பிரித்துப் பார்த்துவிட்டு
நானும் மடித்தேன்.

இரண்டு வருடம் புருணையில் வேலை.
அவள் அம்மாவும் வருகிறாள்.
பள்ளியை நடுவில் மாற்ற முடியாது.
இதெல்லாம் வீட்டில் பேசி முடித்த பேச்சு.
பேசாதது ஒன்று இருக்கிறது.

சிராங்கூனில் மிஸஸ் பெரேரா
மாதிரி அறை என்று எதையும் காட்டவில்லை.
பிள்ளைகள் இருக்கிற அறைக்கே கூட்டிப்போனார்.
எட்டுப் பேர். ஈரத்துண்டு வாசம்.
மைலோ டின்னில் எறும்பு.
மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும் விசிறி.
மேல்தட்டுக் கட்டிலுக்கு இரும்பு ஏணி,
நடுப்படியில் கை வைத்தேன்.
ஆடியது.

சுங்கை காடுட்டில் அதை டார்ம் என்றோம்.
இங்கே ஹாஸ்டல்.
அங்கே பன்னிரண்டு பேர், லாரி வரும் நேரம் நாலே முக்கால்.
ஆடுகிற படி மட்டும்
எந்தப் பேருக்கும் மாறவில்லை.

"கட்டிலைச் சுற்றித் திரை கட்டிக்கொள்ளலாமா?"
அன்று முழுக்க அவள் கேட்ட ஒரே கேள்வி.
கூடாது என்றார் மிஸஸ் பெரேரா, வருத்தத்தோடு.
தீப் பாதுகாப்பு விதி.

அந்த விதி எனக்குத் தெரியும்.
பச்சைக் கட்டம் போட்ட கைலி, ஒரு முனை ஏணியில்,
மறுமுனை ஆணியில்.
அதற்குள் படுத்தால் எனக்கென்று
ஆறடிக்கு மூன்றடி சிங்கப்பூர்.
கடிதம் எழுதியது அதற்குள்.
அப்பா இறந்த செய்தி வந்த இரவு
வாயில் துண்டை அடைத்துக்கொண்டதும் அதற்குள்.
அதிகாரி வருகிறார் என்று கீழே விசில் கேட்டால்
பன்னிரண்டு கைலிகளும்
ஒரே நிமிடத்தில் மடிந்துவிடும்.

ரயிலில் அட்டவணையை விரித்தேன்.
குளியலறை. ஜன்னல். சாப்பாடு. கட்டணம்.
பேனாவைப் பிடுங்கி
ஓரத்தில் ஒரு கட்டம் சேர்த்தாள்: திரை.
முதலாவதற்குப் பெருக்கல் குறி.
டோவருக்கு, 'தேவையில்லை'.
மூன்றாவதற்கு வந்ததும் பேனா நின்றது.

"ராத்திரி பத்து மணிக்கு மேல
யாரும் வந்து பாக்க மாட்டாங்கல்ல?"

விதியை மீறாதே என்று சொல்லவேண்டிய இடம்.
ஹவ்காங் போனது.
"கயிறு வேண்டாம், நடுவுல தொய்யும்" என்றேன்.
"சுருள்கம்பி வாங்கு. ரெண்டு கொக்கி.
துணி கனமா இருக்கக்கூடாது,
காத்து வராது, வேர்க்கும்.
தலைமாட்டுப் பக்கம் ஒரு சாண் இடம் விடு."

என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
காலையில் டேப்பைப் பார்த்த மாதிரி இல்லாமல்.
"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

புவாங்கோக்கில் கதவு திறந்தது.
நாங்கள் இறங்கவேண்டியது
அடுத்ததில்.