மிச்சம் பத்து

சலவைக் கடையின் பின்சுவரோரம்
இரும்பு உருளைக்குச் செம்புக் கம்பி சுற்றினான் கதிர்வேந்தன்.
நெருப்பும் இல்லை, புகையும் இல்லை,
கம்பி தொடாமலே கொதித்தது இரும்பு.

"நூத்துக்குத் தொண்ணூறு தண்ணிக்குப் போவுது."
மிச்சம் பத்து?
விசிறிக்குப் பின்னால் கையைக் காட்டினான்.
அங்கே பூனை படுத்திருந்தது.

பகாவில் மூன்று நாளாய் மழை.
செம்பனை ஆலைச் சீருடைகள் நாற்பத்திரண்டு
எண்ணெய் வாடையோடு மூட்டையில்.
முள் நூறைத் தொட்டது, அங்கேயே நின்றது.
அதற்குப் பிறகு எவ்வளவு கொடுத்தும்
ஒரு டிகிரி ஏறவில்லை;
வாங்கி வாங்கி விழுங்கிக்கொண்டே இருந்தது தண்ணீர்.
ஆவியாகிற வேலைக்கு அதன் கூலி அது,
ஒரு சென் குறைக்காது,
கேஸானாலும் கம்பியானாலும்.

தெனாகா பில் வந்தது.
அவன் இரண்டு முறை கூட்டிப் பார்த்தான்.
நான் பில்லைப் பார்க்கவில்லை,
உருளையிலிருந்து இஸ்திரிப் பெட்டி வரைக்கும் போகிற
ஒன்பது அடி வெற்றுக் குழாயைப் பார்த்தேன்.
பக்கத்தில் நின்றாலே முகம் வேர்த்தது.
இஸ்திரிக்கு வந்து சேர்ந்ததில் பாதி வெறும் சொட்டு.

பழைய கைலி இரண்டைக் கிழித்துச்
சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

அடுத்த மாதம் முப்பத்தொரு ரிங்கிட் குறைவு.
கதிர்வேந்தன் அதைக் கம்பியின் கணக்கில் எழுதிக்கொண்டான்.
எழுதட்டும்.
பூனை இடம் மாறவில்லை.