ரசமட்டம்

ஒன்றரை இஞ்சி எல் இரும்பு,
பத்தடித் துண்டு ஆறு.
நிசாமுடைய ஆட்டோக் கூரையில் கட்டிக்கொண்டு
கல்லடிப் பாலம் ஏறினேன்.
மறித்த பொலிஸ்காரன் கேட்டான்: என்னத்துக்கு?
பூச்சட்டி வைக்க.
முழுப் பொய்யில்லை,
ஹொப்ஸும் ஒரு பூதானே.
பேர்த்திலிருந்து தம்பி கிளாரன்ஸ்
காய்ந்த பூவாக அரைக்கிலோ அனுப்பியிருந்தான்,
குழந்தைகளின் காற்சட்டைகளுக்கு நடுவில்.

பார்லி மருந்துக்கடையில் கிடைத்தது.
சலக்கடுப்போ என்று கேட்ட பிள்ளை
எட்டுக்கிலோ என்றதும் மேற்கொண்டு கேட்கவில்லை.
உமி போன பார்லி முளைக்காது.
நனைத்த சாக்குக்குள் மூன்றாம் நாள் நாறியபோது
அதையும் படித்தேன்.
மறுகா படுவான்கரையிலிருந்து குரக்கன்.
ஒரே இரவில் வெள்ளை வால் விட்டது.

மூன்று தட்டு.
மேலே வெந்நீர்.
நடுவில் அரைத்த முளை
அறுபத்தஞ்சு பாகையில் ஒரு மணித்தியாலம் கிடக்கும்.
கீழே அடுப்பு, கொதிக்கிற கிடாரம்.
பம்ப் தேவையில்லை.
கீழே போகத் தண்ணிக்கு ஆர் சொல்லிக்கொடுக்க வேணும்?

ஆறு மணிக்கு டச்பார் முழுக்க மோட்டர் போடும்.
கரண்ட் இளைத்துக் கூர் ஒட்டிக்கொள்ளும்,
இழுத்தால் முறியும்.
அதனால் பத்து மணிக்கு மேலேதான் ஒட்டினேன்.
ஒரு பொறி சிலிப்பரைத் துளைத்து
பெருவிரலில் ஒரு வட்டம் வைத்தது.
மெர்லின் வந்து பார்த்தாள்.
"கட்டில் கால் ஆடுது எண்டு
மாரிக்கு முதலே சொன்னன்."
கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன்.
அதற்குள்ளே இருந்தால்
வெளிச்சம் ஒன்றுதான் தெரியும், ஆட்கள் தெரியாது.

முற்றத்தில் நிமிர்த்தி
ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழ் வடக்கே ஓடியது.
வடக்குக் காலுக்குக் கீழே மணலைக் கிண்டினேன்,
தெற்கே ஓடியது.
ஓட்டுத் துண்டு வைத்தேன், விடியும்போது
ஓட்டையும் காணோம்.
அறுபது லீற்றர் கொதிநீர்
தலை உயரத்தில் நிற்கப்போகிறது.
ஒள்ளுப்பம் சரிந்தாலும் போதும்,
கழன்று வருவது என் தோல்.

பக்கத்து வளவு பெனடிக்ட் ரேகலுடையது.
சுவர் இல்லை. கதவு இல்லை.
சிவப்புச் சீமெந்து நிலம் மட்டும்,
அறை அறையாய்ச் சுவர் நின்ற தடத்தோடு.
ஆடு படுக்கும், பொடியன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள்.
புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு
சும்மாதான் வைத்துப் பார்த்தேன்.
குமிழ் நடுவுக்கு வந்து நின்றது.
கிறுக்கி வைத்தேன். நடு.
மூலைக்கு மூலை வைத்தேன். நடு.
வேலாப்போடி மேசன் போட்ட நிலம்.
கடல் மேலால் வந்து போயும்
ஒரு நூல் இறங்கவில்லை.

பெனடிக்டுக்கு ஃபோன் போட்டேன்.
இப்போது தாண்டவன்வெளியில் இருக்கிறான்.
"எந்த அறை?"
"யன்னல் பக்கம், சின்னறை."
கொஞ்ச நேரம் அங்கே ஃபேன் சத்தம் மட்டும்.
"வெடிப்பு ஏதும்?"
"ஒண்டு. கதவு நிலைக்குக் கிட்ட."
"அது முந்தியே இருந்தது.
தொட்டில் இழுத்த நேரம் விழுந்தது."
திரும்பவும் ஃபேன்.
"எத்தனை போத்தல் வரும்?"
"சரிவந்தா நாப்பது."
"பத்து எனக்கு."

பின்னேரம் நானும் நிசாமும் தூக்கிக்கொண்டு போய்
நாலு காலையும் சின்னறைக்குள் இறக்கினோம்.
இரும்பு சீமெந்தைத் தொட்ட சத்தம் ஒன்றே ஒன்று,
நாலு சத்தம் அல்ல.
நிசாம் குடிக்கமாட்டான்.
ஆனாலும் கிணற்று நீரை மேலே ஊற்றிப்
பைப்பைத் திறக்கும்போது
என்னைவிட அவன்தான் குனிந்து நின்றான்.
மேலிருந்து நடு. நடுவிலிருந்து கீழ்.
சொன்ன வழியால் இறங்கியது தண்ணி.
நடுப் பைப்பில் மட்டும் ஒரு ஒழுக்கு,
சொட்டுச் சொட்டாய்ச் சிவப்பு நிலத்தில் விழுந்து
விழுந்த இடத்திலேயே வட்டமாய் நின்றது.
எந்தப் பக்கமும் போகவில்லை.

நாளைக்கு வெள்ளை ரேப் வாங்க வேணும்.

வேலிக்கு அப்பாலிருந்து மெர்லின்:
"பெட்டி வெளியிலதானே கிடக்கு?
கட்டிலக் கொண்டு வரட்டா?"