கார்த்திகை பதிமூன்று, பதினாலு பேருக்கு

நாள்காட்டித் தாளின் முதுகில்தான்
எப்போதும் மெனு எழுதுவேன்.
காதுகுத்து, பூப்பு நீராட்டு,
ஒருமுறை ஆயர் வந்தபோது.
இந்த முறை பாதி வார்த்தைக்கு
எழுத்துக்கூட்ட வரவில்லை.

கண்ணாஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த தம்பதி.
மாக்டா போலந்து, இயன் ஸ்காட்லாந்து.
கே.கே. நகர் மாடிவீட்டில்
என்னை நடுவில் உட்காரவைத்து
ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள்,
பாகம் பிரிக்க வந்த பங்காளிகள் மாதிரி.

என் பேர் கேட்டாள். தனிஸ்லாஸ்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.
அவள் அண்ணன் பேராம், அவள் நாட்டுப் புனிதர் பேராம்.
ஞானஒளிவுபுரத்தில் தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கோம்,
ஒருத்தன் ஆட்டோ ஓட்டுகிறான் என்றேன்.
போலந்துக்கு ஒரு ஓட்டு கூடிப்போனதை
இயன் கவனித்தான்.

பீட்ரூட்டைப் புளிக்கவைத்து ரசம்.
ஒரு வாரம் ஆகும் என்றாள்.
இந்த வெயிலில் ரெண்டே நாள் என்றேன்.
மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து மடிப்பது:
'சோமாசி' என்று எழுதி, பக்கத்தில்
'பொரிக்கக் கூடாது.'
சதகுப்பை இலை வேண்டுமாம்.
கீழமாசி வீதி மருந்துக்கடையில் விதை கிடைக்கும்,
பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது;
இலையை நான் கண்டதில்லை.
"விதைச்சா முளைக்கும்ல? இன்னும் ஒரு மாசம் இருக்கே."

இயன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.
ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல்
கொத்தி, ஓட்ஸும் மிளகும் சேர்த்து
இரைப்பைக்குள் திணித்து...
முகம் சுளிப்பேன் என்று நிறுத்திவிட்டான்.
தம்பி, சுவரொட்டியை விட்டுட்டியே என்றேன்.
நெல்பேட்டை இப்ராம்சாவுக்குப் போன் போட்டேன்.
எத்தனை என்று மட்டும் கேட்டார்.
இயன் எழுந்து ஜன்னல்வரை போய்வந்தான்.
நாலு தேசத்தில் இதைக் கேட்டிருக்கிறானாம்,
நாலிலும் சிரித்தார்களாம்.

தேதி நவம்பர் இருபத்தொன்பது.
மறுநாள் அந்திரேயா திருநாள், ஸ்காட்லாந்தின் பாதுகாவலர்.
போலந்தில் முந்தின ராத்திரியே கொண்டாட்டம்.
ரெண்டு நாட்டுக்கும் நடுவே கிடைத்தது
அந்த ஒரு ராத்திரிதான்.

சுவர் நாள்காட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.
கார்த்திகை.
யார் யார் வர்றாங்க?
தியேட்டர் பவுன்ராசு, மயக்க டாக்டர் விஜயரெங்கன்,
டிரைவர் ஒச்சப்பன், கண்ணாடிப் பிரிவு மொக்கராசு...
பதினாலில் ஒன்பது பேர் மாலை போட்டிருப்பார்கள்.
"யாருக்குக் கல்யாணம்?" என்றான் இயன்.

சொன்னேன். கறுப்பு வேட்டி, வெறுங்கால்.
கறி கிடையாது. அலமாரிக்குப் பின்னால்
துணி சுற்றி வைத்திருக்கிற பாட்டிலும் கிடையாது.
ஸ்காட்லாந்து முழுவதும்
ஒரே கோட்டில் அடிபட்டது.

மாக்டா வேகமானாள்.
அவர்கள் கிறிஸ்துமஸ் முந்தின இரவும் கறியில்லாததுதான்,
பன்னிரண்டு வகை: காளான், முட்டைக்கோஸ், கசகசா ரொட்டி...
ஏழாவதில் அவன் முகத்தைப் பார்த்தாள்.
தாளை வாங்கித் தன்னுடையதில் மூன்றை
தானே அடித்தாள்.

ஓட்ஸ், மைசூர்ப் பருப்பு, கேரட், மிளகு.
சரி, எதற்குள் திணிப்பது?
வாழையிலை என்றேன். நூல் சுற்றி அவித்தால்
இரைப்பை மாதிரியே உப்பும்.
நூக்கல் மசியல் ஒரு பக்கம், உருளை மறுபக்கம்.
கடைசியில் தேனும் கிரீமும்,
கிடைக்காத ராஸ்பெர்ரிக்குச் சிறுமலைப் பழம்.

இப்ராம்சா விடவில்லை.
"சொன்னது சொன்னதுதான், ஒண்ணாவது எடு."
எடுக்கிறோம். விருந்து முடிந்து பதினொரு மணிக்கு
என் வீட்டு அடுப்படியில்.
மாலை போடாதவர்கள் ஐந்து பேர் என்று
விரல்விட்டு எண்ணினான் இயன்.
என்னை எண்ண மறந்துவிட்டான்.

கிளம்பும்போது மாக்டா இன்னொன்று சொன்னாள்.
அன்றிரவு மெழுகை உருக்கி
சாவி வளையத்தின் வழியே தண்ணீரில் ஊற்றுவார்களாம்.
உறைந்ததைத் தூக்கிப் பிடித்து, சுவரில் விழும் நிழலில்
வரப்போகும் வருஷத்தைப் பார்ப்பார்களாம்.
அவர்கள் வீட்டில் நம்பர் அமுக்குகிற பூட்டு.

உப்புக்குக் கீழே எழுதிக்கொண்டேன்:
எங்க வீட்டு பீரோ சாவி, வளையம் பெரிசு.
மறக்காமல் எடுக்கணும்.