முதல் பல்

சியோகிமாவ்வில் காலை ஐந்தரைக்குச்
சாவியைத் திருப்புகிறாள் கெருபோ.
வெள்ளை விட்ஸ், மூன்றாம் கை.
பின்கண்ணாடியில் ஜப்பானிய எழுத்தில் ஓர் ஒட்டுவில்லை,
முதல் சொந்தக்காரர் விட்டுப்போனது.
'முந்திச் செல்லாதீர்' என்று இருக்கலாம்.
இந்தச் சாலையில் வேண்டாத அறிவுரை.

மொம்பாசா சாலை இருட்டிலேயே நிரம்பிவிட்டது.
சிவப்பு விளக்குகள்,
சிவப்பு விளக்குகள்,
ஒரு மட்டாட்டுவின் ஊதா மின்னல்,
மறுபடி சிவப்பு.

தலைக்கு மேல் தூண்களில் நிற்கிறது சுங்கச்சாலை.
காசு கொடுத்தவர்கள் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்.
சத்தம் மட்டும் கீழே இறங்குகிறது,
மாடி வீட்டில் யாரோ
நாற்காலியை இழுப்பதுபோல.

அவளும் ஒருமுறை மேலே போயிருக்கிறாள்,
பின்சீட்டில் தங்கை,
தங்கையின் வயிற்றில் அவசரப்பட்ட ஒருவன்.
இருபதே நிமிடம்.
அவனுக்கு இப்போது இரண்டு வயது,
சுங்கச்சீட்டு இன்னும் கையறைப் பெட்டியில் இருக்கிறது.

வெஸ்ட்லண்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில்
பொய்ப்பற்கள் செய்வது அவள் வேலை.
மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று பிசகினால்
சோறு மெல்லும்போது தெரிந்துவிடும்.
கூலி பல் கணக்கு.
ஒரு கடைவாய்ப்பல்,
போக வரப் பெட்ரோலுக்குச் சரி.
தினமும் முதல் பல்லை
எஞ்சின் தின்கிறது.
செலவு கையைக் கடிக்கிறது என்பார்கள்.
எந்தப் பல் என்று கெருபோவால் சொல்ல முடியும்.

மாதத்தின் பதினான்காம் தேதி
பம்ப்பில் நீள வரிசை.
நள்ளிரவில் புது விலை வருமுன்
கொஞ்சம் பழைய விலையை
டேங்கில் ஒளித்துக்கொள்ள எல்லோரும் வந்திருக்கிறார்கள்.
கார் சின்னதுதான், தீனிதான் யானைக்கு உள்ளது.

பெல்வியூ வந்ததும் முசெம்பி வருவான்.
யாரோ எழுதிய கணக்குப் பரீட்சைத் தாளில்
பொட்டலம் மடித்த வறுத்த கடலை.
அவள் தெற்றிப் பின்னல் மாற்றினால்
முதலில் சொல்பவன் அவன்தான்.
சில்லறை இல்லையென்றால் நாளைக்கு.
நாளையும் இதே இடத்தில்தான் நிற்பாள்,
இருவருக்கும் அது தெரியும்.
ஸ்டேடியம் வருவதற்குள்
நடந்தே மூன்று முறை அவளை முந்திவிடுவான்.

ஆகஸ்டில் பள்ளி விடுமுறை.
ஒருநாள் காலை
யாரோ ஊரை வழித்து எடுத்ததுபோல் சாலை.
நான்காம் கியர் என்று ஒன்று இருப்பது
அன்றுதான் ஞாபகம் வந்தது.
பெல்வியூ வந்ததும் தெரியவில்லை,
போனதும் தெரியவில்லை.
கண்ணாடியில் பார்த்தபோது
முசெம்பியின் கை பொட்டலத்தோடு
இன்னும் மேலேயே இருந்தது.
அவன் முன்னால் ஒரு வண்டியும் நிற்கவில்லை.

ஆறு ஐந்துக்கே மருத்துவமனை வாசல்.
பூட்டிய கேட்.
மிச்சம் பிடித்த நேரத்தை
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்,
யாருடைய குழந்தையோ போல.
பசித்தது.

செப்டம்பரில் சாலை பழையபடி ஆனது.
விலை பழையபடி ஆகவில்லை.
இப்போது மூன்று பேரை ஏற்றிக்கொள்கிறாள்.
ஏறும்போதே அவள் கைப்பேசியில்
ஷில்லிங் வந்து விழுந்துவிட வேண்டும்.
சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு
பனியனோடு வரும் வங்கிக் குமாஸ்தா.
ஒருநாளும் வாய் திறக்காத நர்ஸ்.
இரவுக் காவல் முடிந்து
இன்னொரு காவலுக்குப் போகும் பாரசா.
வாயைத் திறந்தபடியே தூங்குகிறான்.

முசெம்பி நான்கு பொட்டலம் நீட்டுகிறான்.
ஆகஸ்ட் பற்றி அவன் கேட்கவில்லை.
பழைய பாக்கி பத்து ஷில்லிங்கை மட்டும்
மறக்காமல் கேட்டான்.

பச்சை விழுகிறது.
யாரும் நகரவில்லை.
கண்ணாடியில் பாரசாவின் வாய்,
மேல் வரிசை, இடப்பக்கம், ஆறாவது இல்லை.
எதிரே லாரிக்கும் அவளுக்கும் நடுவே
ஒரு பஸ் மூக்கை நுழைக்கப் பார்க்கிறது.
ஹாரன்கள்.
கெருபோ கடலையை மென்றபடி
இடைவெளியை அளந்துகொண்டிருக்கிறாள்.