எத்தனை டச்

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
திருச்சபை, கிளைச்சபை, பிரிவு, குறுங்குழு.
சூரமங்கலத்தில் பஸ் மாறும்போது
தூறல் விழுந்து நான்காவது ஊறிப்போயிருந்தது.

பனங்காட்டில் கொலுசுப் பட்டறைக்கு மேலே
ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை.
படம் இல்லை, சிலுவை இல்லை, பிறை இல்லை.
நடுவில் ஏற்றாத விளக்கு.
வெள்ளிக்கிழமை ராத்திரி அதைச் சுற்றிப் பதினோரு பேர்
வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.
கீழே யாரோ பற்றவைக்கும் உஸ்ஸென்ற ஓசை.

முப்பது வருஷம் ஊதுகுழல் பிடித்த தங்காயியின் உதடு
பேசாதபோதும் குவிந்தே இருந்தது.
"ஒரு நா ஊதுறேன், நெருப்பு அணைஞ்சு போச்சு.
அந்த இருட்டு நல்லா இருந்துச்சு.
அவ்ளோதாங் கண்ணு."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.
'தோற்றம்' என்ற தலைப்புக்குக் கீழே
ஒன்றரை வரிகூட வரவில்லை.

ஒருவரைச் சுற்றிக் கூடினால் குறுங்குழு.
ஊரோடு முறைத்துக்கொண்டு நின்றால் பிரிவு.
ஊரோடு ஒத்துப்போனால் கிளைச்சபை.
பிறந்ததாலேயே நீ உள்ளே என்றால் திருச்சபை.
மனப்பாடம்.
ஆனால் சோலையப்பன்
ஆடித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி தர மாட்டேன் என்று சொல்லி,
அவன் தங்கை கல்யாணப் பந்தியில்
இருநூறு இலைக்கு முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
மிச்ச சாம்பாரை ராத்திரியே சாக்கடையில் ஊற்றினானாம்.
இதற்குக் கட்டம் மூன்றா, நான்கா?

படிவத்தை எட்டிப் பார்த்தான்.
"எழுபது டச்சுன்னு போட்டுக்குங்க மேடம்.
மிச்சம் செம்பு."
எல்லாரும் சிரித்தார்கள். விளக்கும் சிரித்த மாதிரி இருந்தது,
புகை படியாத பித்தளை.

கட்டம் நான்கில் டிக் போட்டேன். பேனா மை பரவியது.

அடுத்த முறை போனபோது பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன.
கரண்ட் பில் சங்கத்தின் பேரில்.
சோலையப்பனுக்கும் வெண்ணிலாவுக்கும் பையன்,
நாற்பது நாள்.
அந்த மௌனத்தின் நடுவே அவன் அலறினான்.
என்ன செய்வதென்று யாருக்கும் விதி இல்லை.
அவன் சேர்ந்தவன் இல்லையே, பிறந்தவன்.
வெண்ணிலா எழப்போனாள்,
தங்காயி கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.
முக்கால் மணி நேரம் அவன் அழுதான்,
அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பக்கத்தில்
சிவப்பு மையில் கேட்டிருந்தார்: இரண்டாம் தலைமுறையா?
ஆமாம் சார், பால் வாசனையோடு.

தங்காயி போன வருஷம் மழைக்காலத்தில் தவறிவிட்டாள்.
திதியன்றாவது விளக்கை ஏற்றலாம் என்றார்கள் சிலர்.
ஏற்றினால் அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்றார்கள் சிலர்.
நான்கு பேர் கொண்டலாம்பட்டிக்குப் போய்
வேறு விளக்கு வாங்கி, ஏற்றி உட்காருகிறார்கள்.
எனக்கு இன்னொரு படிவம் தேவைப்படுகிறது.

நேற்று மூன்றாம் முறை.
சுவரில் போர்டு: பதிவு எண், தொலைபேசி.
ஆடி வரியை இந்த வருஷம் கட்டிவிட்டார்களாம்,
பந்தியில் இலை காலியாக இருக்கக் கூடாதென்று.
பையனுக்கு ஆறு வயது. விளக்குக்கு முன்னால்
கொட்டாவியை விழுங்கத் தெரிந்திருக்கிறது.

டீக்கென்று இருபது ரூபாய் வைத்தேன்.
சோலையப்பன் ரசீதுப் புத்தகம் எடுத்தான்.
எண் முப்பத்தேழு. என் பெயரைத் தவறில்லாமல் எழுதினான்.
தொகையை எழுத்தால் எழுதினான்.
வகை என்று அச்சடித்த இடத்துக்கு வந்ததும்
பேனாவைத் தூக்கி
பையனைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான்.

கீழே யாரோ ஊத ஆரம்பித்தார்கள்.
அவன் இன்னும் எழுதவில்லை.