அம்புக்குறி

துல்குன் என்றால் எங்கள் மொழியில்
சலனமில்லாதவன்.
பெயர் வைத்த ஐந்தாம் மாதம்
வீடு முழுக்க உறைந்து கிடக்க
அவன் நெஞ்சு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

விலாவுக்கடியில் குழி விழும், எழும்.
விழும், எழும்.
மார்பில் வாய் வைப்பான், விட்டுவிடுவான்.
பாலா மூச்சா என்று
அந்த வயதில் ஒருவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

உலான்பாதரில் அந்த ஜனவரி
மைனஸ் முப்பத்திரண்டு.
ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு இரண்டு குழந்தை,
தலைமாற்றிப் படுக்கவைத்தார்கள்.
ஒரே சிலிண்டரிலிருந்து
இரண்டு மூக்குகளுக்குக் குழாய் பிரிந்தது.
மற்றக் குழந்தையின் தாயும் நானும்
எட்டு இரவு ஒரு நாற்காலியில் முறை வைத்துத் தூங்கினோம்.
அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.
அவள் பிள்ளையின் மூச்சுக்கணக்கு
இன்னும் நினைவிருக்கிறது:
எழுபத்துநாலு.

வைரஸ் போய்விட்டது என்றார்கள்.
போனது கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை.
சளி பிடித்தால் இழுப்பு.
ஓடினால் இழுப்பு. வயிறு குலுங்கச் சிரித்தால்
அதற்கும்.
பக்கத்துக் கூடாரத்தில் கரி அடுப்பு மூட்டினால்
புகைபோக்கிக்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும்.
ஆறு வயதில் ஆஸ்துமா என்று எழுதித் தந்தார்கள்.
தண்ணீர் பாட்டிலின் அடியைச்
சூடான கம்பியால் துளைத்து
இன்ஹேலரைச் செருகிக் கொடுத்தான் பத்போல்ட்.
லேபிளை மட்டும் கிழிக்காதே அப்பா என்றான் பையன்.
அதில் ஒரு மலை இருந்தது.

டாக்டர் அரியுனாவிடம் கேட்டேன்:
அந்த எட்டு நாள்தான் இதைச் செய்ததா?
இல்லை, எங்கள் அடுப்பா?
நான் சீக்கிரமே வேலைக்குப் போனதா?

மருந்துச் சீட்டைத் திருப்பி
இரண்டு வட்டம் போட்டாள்.
அந்த நோய் மூச்சுக்குழாயைக் கெடுத்திருக்கலாம்.
இங்கிருந்து அங்கே ஓர் அம்பு.
அல்லது பிறக்கும்போதே குழாய் ஒடுக்கம்,
அதனால்தான் நோய் அப்படி மிதித்தது.
அங்கிருந்து இங்கே ஓர் அம்பு.
இரண்டுமே இருக்கலாம்.
புகை எல்லாவற்றையும் மோசமாக்கும்,
அது நிச்சயம்.
எது முதலில் என்று
உன் பிள்ளையை வைத்து என்னால் சொல்ல முடியாது.
வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

பழி போட ஒரு முகவரி தேடிப் போனவள்
இருமுனையும் கூரான ஒரு கோட்டை
மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு
பஸ் ஏறினேன்.

இப்போது அவனுக்கு ஏழு.
தங்கை நோமினுக்கு மூன்று மாதம்.
நேற்றிலிருந்து அவளுக்கு மூக்கில் நீர்.
திங்கட்கிழமை பள்ளியிலிருந்து
சளியோடு வந்தவன் இவன்தான்.
முகக்கவசம் போட்டுக்கொண்டு
வாசலோடு நிற்கிறான். உள்ளே வரமாட்டேன் என்கிறான்.
கையை மூன்று முறை கழுவியிருக்கிறான்,
சட்டைக்கை முழங்கைவரை ஈரம்.

'நான்தான் கொடுத்தேனா?'

அம்புகளைச் சொல்ல வாயெடுத்தேன்.
ஏழு வயதுக்கு அது பதில் இல்லை.
முப்பத்தொன்றுக்கும் இல்லை.
வா, என்றேன். போனில் ஒரு நிமிஷம் வை.
குழந்தையின் சட்டையைத் தூக்கினேன்.

அவன் பெயருக்கேற்றபடி நின்றான்.
உதடசைக்காமல் எண்ணினோம்.

நான் நாற்பத்தாறு.
அவன் ஐம்பத்தொன்று.
ஐம்பதைத் தொட்டால் கிளம்ப வேண்டும்.

எதற்கும் என்று சொல்லிக்கொண்டே
பத்போல்ட் காரைச் சூடாக்க வெளியே போனான்.
நாங்கள் மறுபடி
ஒன்றிலிருந்து.